முன்னுக்கும் பின்னுக்கும் பொருத்தம் வேண்டும்

மன்ற மலரில் மோட்டார் வண்டியின் ஸ்பிரிங்கைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். காதலும் வீரமும் மொழியும் நாடும் இடம்பெறும் பக்கங்களில் இரும்புப் பட்டைக்கும் எஃகுச் சுருளுக்கும் என்ன வேலை என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போகும்போது நம்மில் பலர் உயிரை ஒப்படைத்துவிட்டு உட்காருவது அந்தப் பட்டையையும் சுருளையும் நம்பித்தான். பத்துப் பேர் உயிரைத் தாங்கும் ஒரு பொருளைப் பற்றி, அறிவியல் படிக்க வந்த நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

நான் கோலார் தங்கவயல்காரன். கொள்ளுப்பாட்டனார் வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றை விட்டுச் சுரங்க வேலைக்கு வந்தார். பாட்டனாரும் சுரங்கத்திலேயே உழைத்தார். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. நான் பிறந்தபோது சயனைடு மேடுதான் இருந்தது. சுரங்க வேலை இல்லை. வேலை போனவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் பலர் விடியுமுன் எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். வேறு சிலர் கையிலிருந்த பணத்தைப் போட்டுப் பழைய காரோ வேனோ வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார்கள். என் மாமா ஒருவரும் அவர்களுள் ஒருவர். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் பிள்ளை பெறப் போகிறவளையும், பெண் பார்க்கப் போகிறவர்களையும், வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு விழாவுக்குப் போகிறவர்களையும் ஏற்றிச் செல்வன இத்தகைய வண்டிகளே.

இந்த வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. பின்புறம் ஆள் நிறைய ஏறுகிறது, மூட்டை ஏறுகிறது, வண்டியின் பின்பக்கம் தரையை நோக்கித் தாழ்கிறது. பள்ளம் வந்தால் அடி தட்டுகிறது. உடனே வண்டி பட்டறைக்குப் போகிறது. பின்னால் ஒரு பட்டையைச் சேர்க்கிறார்கள். அல்லது கனத்த வேறொரு வண்டியின் சுருளை எடுத்து மாட்டுகிறார்கள். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. முன்பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது தங்கவயலுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நாட்டில் எந்த ஊர் வாடகை வண்டி நிலையத்துக்குச் சென்றாலும், குதிகால் உயர்ந்த செருப்பணிந்ததுபோல் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும் வண்டிகளைக் காணலாம்.

இது சரியா, தவறா? இரண்டு கட்சிகள் இருக்கின்றன. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஸ்பிரிங்தான் இருக்க வேண்டும். முன்னொன்றும் பின்னொன்றுமாகப் போடுவது பாவம் என்பது முதற்கட்சி. பாரத்தைத் தாங்கினால் போதும். எதை எங்கே போட்டால் என்ன என்பது இரண்டாம் கட்சி. இரண்டும் தவறு என்பது என் கருத்து. முன்னும் பின்னும் வேறுபட்டிருப்பது குற்றமாகாது. வேறுபட்டுத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த வேறுபாடு ஒரு கணக்கில் அமைந்தது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் ஒரு முனையை மட்டும் மாற்றுவதே குற்றம்.

முதற்கட்சியினருக்கு முதலில் விடை கூறுவோம். நம் நாட்டுச் சாலைகளை ஆண்ட அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் இறுதியில் வரத் தொடங்கி, 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை நம் அமைச்சரையும் கல்யாண மாப்பிள்ளையையும் சுமந்த வண்டி அது. அதன் முன்சக்கரங்களுக்குச் சுருளுமில்லை, பட்டையுமில்லை. நீண்ட எஃகுத் தண்டு ஒன்று முறுக்கப்பட்டு, அந்த முறுக்கின் எதிர்ப்பால் பாரத்தைத் தாங்கியது. பின்னாலோ அடுக்கடுக்கான பட்டை. பம்பாயில் செய்யப்பட்ட பியட் 1100-க்கு முன்னால் சுருள், பின்னால் பட்டை. சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு முன்னால் சுருள்; பின்னால் வண்டியின் குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை. இவற்றைச் செய்தவர்கள் அறியாமல் செய்தார்களா? இல்லை. முன்பக்கத்தின் வேலை வேறு. பின்பக்கத்தின் வேலை வேறு. முன்னால் எஞ்சின் இருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ எப்போதும் ஒன்றே. பின்னாலோ இன்று ஒருவர் ஏறுவார். நாளை ஐவர் ஏறுவர். பாரம் மாறும் இடத்துக்கு ஒரு வகை. மாறாத இடத்துக்கு ஒரு வகை.

இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அவை ஒரே நுகத்தில் பூட்டிய இரட்டை மாடுகள். ஒன்று இளைத்து ஒன்று கொழுத்திருந்தால் வண்டி கோணும். ஆகையால்தான் ஸ்பிரிங் மாற்றும்போது ஒரே அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஆனால் முன்னும் பின்னும் நாதசுரமும் தவிலும் போன்றவை. இரண்டும் ஒரே கருவியாக இருக்க வேண்டியதில்லை. தாளம் ஒன்றாக இருக்க வேண்டும்.

தாளம் என்று வெறும் உவமைக்காகச் சொல்லவில்லை. ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எந்த எடையும், தட்டிவிட்டால், தனக்கென்று ஒரு கால அளவில் ஆடும். ஒரு நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதே அதிர்வெண். 1678-இல் இராபர்ட் ஹூக் வெளியிட்ட விதியை நாம் பள்ளியிலேயே படித்தோம். இழுக்கும் விசைக்கு ஏற்றவாறு ஸ்பிரிங் நீளும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஆட்டம் வேகமாகும். மேலே உள்ள எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, விடைத்தாளில் இறக்கிவைத்துவிட்டு நாம் மறந்துபோன அதே கணக்குதான் நம்மைச் சுமக்கும் வண்டியிலும் இருக்கிறது.

இனி அந்த வண்டி ஒரு மேட்டைக் கடப்பதை எண்ணிப் பாருங்கள். முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்சக்கரம் சற்றுப் பின்னால் ஏறுகிறது. அம்பாசிடரில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே ஏறத்தாழ 2.46 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்த இடைவெளியைக் கடக்க 0.15 நொடி ஆகும். அதாவது, முன்பக்கம் ஆடத் தொடங்கி 0.15 நொடி கழித்துப் பின்பக்கம் ஆடத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் ஆடினால் இந்தப் பிந்தல் அப்படியே நீடிக்கும். முன்பக்கம் இறங்கும்போது பின்பக்கம் ஏறும்; பின்பக்கம் இறங்கும்போது முன்பக்கம் ஏறும். வண்டி தலையாட்டும் பொம்மையாகும். உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றும். குழந்தை வாந்தி எடுக்கும்.

எடுத்துக்காட்டுக்காக, முன்பக்கம் நொடிக்கு 1.2 முறையும் பின்பக்கம் 1.4 முறையும் ஆடும்படி அமைப்போம். முன்பக்கம் ஒரு முழு ஆட்டத்தை 0.83 நொடியில் முடிக்கிறது. பின்பக்கம் 0.15 நொடி பிந்திப் புறப்பட்டாலும், தன் ஆட்டத்தை 0.71 நொடியில் முடிப்பதால், 0.86-ஆவது நொடியில் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்கின்றன. வண்டி மட்டமாக மிதக்கிறது. இப்போது எண்களை மாற்றிப் போடுங்கள். முன்பக்கம் 1.4, பின்பக்கம் 1.2. முன்பக்கம் 0.71-இல் முடிக்கும், பின்பக்கம் 0.98-இல் முடிக்கும். பிந்தல் 0.15-இலிருந்து 0.27 ஆகப் பெருகிவிட்டது! ஸ்பிரிங்குகள் அவையே; இடம்தான் மாறிற்று. இதைவிட வேறு சான்று வேண்டுமா, முன்னும் பின்னும் தனித்தனிப் பொருள்களல்ல என்பதற்கு?

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாக்கியவர் மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் இருந்த அவர், 1930-இல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே ஒரு காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைப் பொருத்தி, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி, அதில் தாமே ஏறி ஓட்டிப் பார்த்தார். அக்காலத்துக் கார்களில் முன்ஸ்பிரிங் விறைப்பாகவும் பின்ஸ்பிரிங் தளர்வாகவும் இருந்தன. ஆலி அதைத் தலைகீழாக்கினார். முன்பக்கம் தளர்ந்தும் பின்பக்கம் சற்று விறைத்தும் இருந்தால்தான் பயணம் சுகமாகும் என்று கண்டார். ஆனால் முன்ஸ்பிரிங்கைத் தளர்த்தியதும், ஒரே அச்சில் கட்டப்பட்ட முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கின. அதற்காகவே இரண்டு முன்சக்கரங்களையும் பிரித்துத் தனித்தனியே தொங்கவிட வேண்டியிருந்தது. 1934-ஆம் ஆண்டு கேடிலாக் கார் அப்படித்தான் வந்தது. முன்ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும் என்ற ஒரு விருப்பம், காரின் முன்பாகம் முழுவதையும் மாற்றிவிட்டது. ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டும் என்பதை இதிலிருந்து அறிகிறோம் அல்லவா?

பிரெஞ்சுக்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 1948-இல் வெளிவந்த சிட்ரோயன் 2சிவி என்ற ஏழைகளின் காரில், முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒரே உருளைக்குள் கிடந்த ஸ்பிரிங்குகளால் இணைத்துவிட்டார்கள். முன்சக்கரம் மேட்டில் ஏறும்போதே பின்பக்கத்துக்கும் செய்தி போய்விடும். 1962-இல் இங்கிலாந்தில் வந்த மாரிஸ் 1100 காரில் இதே வேலையை நீர்மத்தைக் கொண்டு செய்தார்கள். அறிவாளிகள் முன்னையும் பின்னையும் இணைக்க இத்தனை பாடுபட்டிருக்கும்போது, நாம் பின்னை மட்டும் கழற்றி மாட்டிவிட்டுக் காசைக் கொடுத்து வந்துவிடுகிறோம்!

"ஆலி பின்பக்கம் விறைப்பாக இருக்கட்டும் என்றார், எங்கள் பட்டறைக்காரரும் அதைத்தானே செய்கிறார்?" என்று இரண்டாம் கட்சியினர் இங்கே கேட்பார்கள். நல்ல கேள்வி. எவ்வளவு விறைப்பு என்பதுதான் விடை. பின்ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டி வெறுமையாகத் திரும்பும்போது பின்பக்கத்தின் அதிர்வெண் 1.4-இலிருந்து 1.7-ஆக ஏறிவிடும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாகச் செய்யப்பட்டது. புதிய விறைப்புக்கு முன்னால் அதன் அடக்கும் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. சொரசொரப்பான சாலையில் பின்சக்கரம் தரையைத் தொட்டுத் தொட்டுத் துள்ளுகிறது. தரையில் இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பு எங்கிருந்து வரும்? பிரேக் எங்கிருந்து பிடிக்கும்?

வளைவில் இதைவிட நுண்ணிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வண்டி திரும்பும்போது உட்புறச் சக்கரங்களின் பாரம் வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தில் முன்னச்சு எவ்வளவு ஏற்கிறது, பின்னச்சு எவ்வளவு ஏற்கிறது என்பதைப் பெரும்பாலும் ஸ்பிரிங்குகளின் விறைப்பே முடிவு செய்கிறது. எந்தப் பக்கம் விறைப்போ, அந்தப் பக்கம் பெரும்பங்கை ஏற்கும். டயரின் குணம் என்னவென்றால், பாரம் இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே பெரும்பங்கை ஏற்ற அச்சு, முதலில் பிடிப்பை இழக்கிறது. முன்பக்கம் முதலில் இழந்தால் வண்டி அகலமாக ஓடும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துச் சமாளிப்பார். பின்பக்கம் முதலில் இழந்தால், வண்டியின் வால் வெளியே வீசும். மழை பெய்த சாலையில், வெறும் வண்டியில், நடுராத்திரியில் அதைச் சமாளிக்கும் ஓட்டுநர் எத்தனை பேர்?

ஏட்டுக் கணக்கு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு மாடலாகச் செவர்லே கோர்வேர் என்ற கார் வந்தது. எஞ்சின் பின்னால் இருந்தது. பின்சக்கரங்கள் ஊஞ்சல்போல் அசையும் அச்சில் தொங்கின. முன்பக்கத்தில் சாய்வைத் தடுக்கும் தண்டு பொருத்தப்படவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலையைக் காக்க நிறுவனம் கூறிய வழி, முன்டயரில் 15 பவுண்டும் பின்டயரில் 26 பவுண்டும் காற்றடிக்க வேண்டும் என்பதுதான். எத்தனை பேர் அதைப் பின்பற்றியிருப்பர்? வால் வீசி விபத்து ஏற்பட்டது என்று வழக்குகள் எழுந்தன. 1964 மாடலில் முன்பக்கத்துக்குச் சாய்வுத் தடுப்புத் தண்டு வந்தது. பின்பக்கத்துச் சுருள்களைத் தளர்த்திக் குறுக்கே ஒரு பட்டையைப் போட்டார்கள். அதாவது, முன்பக்கத்தை விறைக்கவும் பின்பக்கத்தைத் தளர்த்தவும் செய்தார்கள். 1965-இல் ரால்ஃப் நேடர் தம் நூலில் இந்தக் காரைக் கடுமையாகத் தாக்கினார். பின்னர் 1972-இல் அரசாங்க ஆய்வு, அக்காலத்து மற்றக் கார்களைவிட இது மோசமன்று என்று தீர்ப்புக் கூறியது. தீர்ப்பு எதுவாயினும், இருதரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை ஒன்றுண்டு: முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலைதான் வழக்கின் மையம். பெரிய நிறுவனமும் அதன் பொறியாளர்களும் தடுமாறிய இடத்தில், நாம் கண்ணளவால் தப்பிவிடுவோம் என்று எண்ணுவது துணிவா, பேதைமையா?

எங்கள் ஊருக்குத் திரும்புவோம். தங்கவயலிலிருந்து வெங்கடகிரிகோட்டை வழியாகப் பேரணாம்பட்டுக்கும் குடியாத்தத்துக்கும் போகும் சாலை, கருநாடகத்தில் தொடங்கி, ஆந்திரத்தைக் கடந்து, மலைவளைவுகளில் இறங்கித் தமிழ்நாட்டை அடைகிறது. மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் பாதை அது. நிறைந்த வண்டி, வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்கும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பின்பக்கம் தூக்கி நிற்கும் வண்டியில், பல ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த முன்ஸ்பிரிங்தான் அதைத் தாங்க வேண்டும்.

அதோடு முடிந்ததா? சில வண்டிகளில் பின்பக்கப் பாரத்தை அறிந்து பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு ஒன்று உண்டு. வண்டியின் உடல் பின்னச்சை நோக்கி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே அது பாரத்தை அறிகிறது. தாழ்ந்திருந்தால் "பாரம் இருக்கிறது, பின்சக்கரத்துக்கு மிகுந்த அழுத்தம் கொடு" என்று பொருள். விறைத்த ஸ்பிரிங்கை மாட்டினால் என்ன ஆகும்? பத்துப் பேர் ஏறினாலும் உடல் தாழாது. வண்டி வெறுமையாக இருக்கிறது என்று வால்வு ஏமாந்துபோகும். முழுப் பாரத்தோடு மலையிறங்கும்போது பின்பிரேக் அரைமனத்தோடு வேலை செய்யும். ஸ்பிரிங்கை மாற்றியவருக்கு இது தெரியாது, ஓட்டுபவருக்கும் தெரியாது, பின்னிருக்கையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு எப்படித் தெரியும்?

வாடகை வண்டிக்காரரை மட்டும் குறை கூறினால் நான் நடுநிலை தவறியவனாவேன். நம் வளாகத்திலேயே வேறொரு கூட்டம் இருக்கிறது. பந்தயக் கார்போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக முன்சுருளை அறுத்துக் குட்டையாக்கிக்கொள்ளும் நண்பர்களைத்தான் சொல்கிறேன். சுருளை அறுத்தால் உயரம் மட்டும் குறையும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். சுற்று குறையக் குறைய விறைப்பு கூடும் என்பது இயற்பியல். வேலை செய்யும் 8 சுற்றில் 2 சுற்றை அறுத்துவிட்டால், எஞ்சிய சுருள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பாகிவிடும். முன்பக்கம் விறைத்துப் பின்பக்கம் பழையபடியே இருந்தால், ஆலி தலைகீழாக்கிய பழைய கோளாறு மீண்டும் வந்து உட்காரும். வாடகை வண்டிக்காரராவது வயிற்றுக்காகச் செய்கிறார். நாம் எதற்காகச் செய்கிறோம்?

சட்டமும் இதில் கண்மூடி இருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆயினும் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுரங்கம் மூடியபின் வேறு வழியின்றி வண்டி ஓட்ட வந்தவரிடம், "ஐந்து பேருக்குமேல் ஏற்றாதே" என்று சொல்வது எளிது. அந்த ஐந்து பேர் கொடுக்கும் காசில் டீசலும் தவணையும் பள்ளிக் கட்டணமும் அடங்குமா என்று கேட்டால் நமக்கு வாயடைத்துவிடும். அவருடைய இல்லாமையை மறந்து பேசும் அறிவுரை, பசித்தவனுக்கு நோன்பின் பெருமையைக் கூறுவதாகும்.

ஆகவே அவரால் செய்யக்கூடியதைச் சொல்வோம். பின்பக்கம் தாழ்கிறது என்றால், முதலில் பழைய ஸ்பிரிங் உழைத்துச் சோர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சோர்ந்திருந்தால் அதே வகையில் புதியது போட்டாலே பாதிக் குறை தீரும். முன்ஸ்பிரிங்குக்கும் அதே வயது என்பதை மறக்கக் கூடாது. பாரம் உண்மையாகவே மிகுதி என்றால், லாரிகளில் இருக்கும் முறையைப் பின்பற்றலாம். லாரியின் பின்னால் முதன்மைப் பட்டைக்கு மேலே துணைப் பட்டை ஒன்று இருக்கும். வெறும் வண்டியில் அது எதையும் தொடாமல் சும்மா இருக்கும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தபின்தான் அது தோள்கொடுக்கும். இதனால் வெறும் வண்டியின் தாளம் கெடுவதில்லை. எந்த மாற்றம் செய்தாலும் ஷாக் அப்சார்பரும் டயர்க் காற்றும் அந்த பிரேக் வால்வும் அதற்கேற்பச் சரிபார்க்கப்பட வேண்டும். இவ்வளவுதான். இதில் பெருஞ்செலவு இல்லை என்று கூறமாட்டேன். ஒரு விபத்தின் செலவைவிட மிகக் குறைவு என்று மட்டும் கூறுவேன்.

நாம் செய்யக்கூடியது என்ன? பட்டறையில் இருப்பவருக்குக் கை பேசும். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர், ஓசையைக் கேட்டே எந்தப் பட்டை உடைந்திருக்கிறது என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறிவு நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது அளவும் கணக்கும். அவை ஒன்றுசேர்வதில்லை என்பதே குறை. நாம் ஆய்வகத்தில் ஆணியில் தொங்கும் ஸ்பிரிங்குக்குக் குறிப்பேடு எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். தெருவில் ஓடும் ஸ்பிரிங்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னும் பின்னும் பொருந்தாத வண்டியைக் குறை கூறும் நாமே, படிப்பும் வாழ்வும் பொருந்தாத வண்டியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

விடுமுறைக்குச் செல்லும் அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்கலாம். வேண்டியவை ஓர் அளவு நாடாவும் நான்கு நண்பர்களும்தான். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்கு மேலுள்ள விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். நால்வரையும் பின்னச்சுக்கு நேர்மேலே உட்காரவைத்து, வண்டியை ஒருமுறை குலுக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். நால்வர் எடை 240 கிலோவாகவும் தாழ்வு 6 செண்டிமீட்டராகவும் இருந்தால், பின்பக்கத்தின் விறைப்பு செண்டிமீட்டருக்கு 40 கிலோ. அடுத்து, எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பார்த்து, சக்கரத்தின் எடையையும் அச்சின் எடையையும் கழித்துவிடுங்கள். 450 கிலோ வந்தால், அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 1.5. முன்பக்கத்துக்கும் இதேபோல் செய்யுங்கள். இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநரிடம் கொடுங்கள். முன்பக்கத்து எண் சற்றுச் சிறியதாகவும் பின்பக்கத்து எண் சற்றுப் பெரியதாகவும் இருந்தால் மகிழுங்கள். எண்கள் தலைகீழாக இருந்தாலோ, பின்னது மிகவும் ஏறியிருந்தாலோ, ஏன் என்று பட்டறைக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் மன்றம் இப்படிப்பட்ட அளவுகளைத் தொகுத்து, வண்டி வண்டியாக ஓர் அட்டவணை வெளியிடுமானால், ஆண்டுவிழாவில் நாம் போடும் மூன்று நாடகங்களுக்கு அது ஈடாகும்.

1965-இல், தங்கவயல் சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, காற்றுமண்டலத்தில் பிறந்து பாறையைத் துளைத்து வந்த நியூட்ரினோவின் தடத்தை அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாததும், எதிலும் எளிதில் சிக்காததுமான ஒரு துகளை அளந்து காட்டிய ஊர் அது. அந்த ஊரின் தெருவில், கண்ணெதிரே, கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் இரும்புப் பட்டை எத்தனை செண்டிமீட்டர் தாழ்கிறது என்று அளக்க ஆளில்லை என்றால், அந்தப் பழி பட்டறைக்காரரைச் சேராது. படித்த நம்மையே சேரும். நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பையில் ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள்.